ஆறு ‘பி’யின் இரண்டாவது லீடர்

மே 12, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பயிற்சி முதல் நாள். ஒன்பதரைக்குக் கையெழுத்து. பத்து நிமிடம் லேட். பிள்ளைகளுக்கு நேரம் தவறாமை சொல்லிக்கொடுக்கப்போகும் லட்சணம். ஜூனில் மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேரவேண்டும், அதற்கு முன் இந்த ஐந்து நாள்.

நடக்கிற இடம் நான் படித்த பள்ளிக்கூடமே. அதிலும் எங்கள் குழுவுக்கு ஒதுக்கியது ஆறு ‘பி’ அறை. பெஞ்சு மாறவில்லை, முட்டிதான் இடிக்கிறது. கரும்பலகை ஓரத்தில் பெரிய வெடிப்பு, அப்போது பென்சில் கோடு மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைக் காணோம், சைக்கிள் ஷெட் போட்டிருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் என்று பக்கத்தில் சொல்லிச் சமாளித்தேன்.

பக்கத்தில் இருந்தவள் என்னையே பார்க்கிறாள். “நீ கோமதிதான? ரெண்டாவது லீடர்?”

மும்தாஜ். ஆறாவதோடு வேறு பள்ளிக்குப் போனவள். இப்போது கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டு, மாப்பிள்ளை துபாயில், மகன் யு.கே.ஜி. அவளுக்கும் புதுப் போஸ்டிங். மத்தியானம் பூரா பழைய பேச்சுதான். குழாயடிச் சண்டை, மிளகாய்ப்பொடி தூவின மாங்காய்க் கீற்று, நாக்கு சிவக்கிற ஜவ்வு மிட்டாய். இத்தனை வருஷத்தில் இப்படிச் சிரித்ததில்லை.

வாங்க வேண்டியது: சார்ட் 4, ஸ்கெட்ச் பேனா, பசை, குடை.

மே 13, செவ்வாய்

குடை வாங்க மறந்தாயிற்று.

பயிற்சிக் கட்டகப் புத்தகத்தில் சில பக்கங்களை ஆளுக்கொரு நகல் எடுக்கச் சொன்னார் பயிற்சி நடத்தும் கருத்தாளர் மேடம். பள்ளிக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை. வைத்திருப்பது செல்வி. எங்கள் முதல் லீடர், மும்தாஜின் உயிர்த்தோழி. அப்போது கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்ஸ். பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நான் ரோட்டைக் கடக்கப் போனேன். மும்தாஜ் கையைப் பிடித்துவிட்டாள்.

“அங்கன வேண்டாம். பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போவோம்.”

“ஏம்ட்டி, இந்த வெயில்லயா?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

நடந்தோம். காரணம் கேட்கவில்லை.

சாயங்காலம் தலைவலி, காப்பி இரண்டு.

மே 14, புதன்

மாதிரி வகுப்பு. ஒருவர் டீச்சர், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்கவேண்டும். இருபத்தைந்து டீச்சர்களும் பிள்ளைகளைவிட மோசம். ஒருவர் விசில் அடிக்கிறார். என் முறை, பின்னம். இரண்டு நிமிடம் கூடப் பேச விடவில்லை. எரிச்சலில் சாக்பீஸை முன் பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டிவிட்டேன்: “லீடர், பேசுறவங்க பேரை போர்டுல எழுது.”

அறையே சிரித்தது. கருத்தாளர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “நாம பட்டதையே திருப்பிச் செய்யுதோம் பாத்தீங்களா? இந்தப் பேர் எழுதுறதுல பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க.”

மும்தாஜ் எழுந்தாள்.

“இதே ரூம்தான் மேடம். நான் வாயே தெறக்கல. ரிப்பன் அவுந்துட்டுன்னு கட்டிக்கிட்டு இருந்தேன். என்கூட ஒண்ணா சாப்பிடுதவ என் பேரை எழுதிட்டா. மத்தியான பெல்லு வரைக்கும் வெளிய வெயில்ல நின்னேன். எழுதவே இல்லன்னு அழுதா. லீடர் அவதான, சாக்பீஸும் அவ கையில, வேற யாரு எழுதுவா? அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு.” என்னைக் காட்டினாள். “அன்னைக்கு எனக்குத் தண்ணி கொண்டாந்து தந்தது இவ ஒருத்திதான்.”

எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

மே 15, வியாழன்

பயிற்சியில் என்ன நடந்தது என்று தெரியாது. டீ, சுண்டல். குழுச் செயல்பாடு என்று ஏதோ வெட்டி ஒட்டினோம்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கணக்கு டீச்சருக்குப் போர்டில் பெயர் இருந்தாகவேண்டும். வெறும் போர்டு என்றால், “ஒருத்தர் கூடப் பேசலையாக்கும்?” என்று லீடர் கையில்தான் பிரம்பு விழும். அன்றைக்கு வருகைப் பதிவேடு எடுக்க செல்வி ஆபீசுக்குப் போனாள். சாக்பீஸ் என் கையில். நிஜமாகவே ஒருத்தியும் பேசவில்லை. வராண்டாவில் டீச்சரின் செருப்புச் சத்தம். பயத்தில் திரும்பினேன், கண்ணில் பட்டது ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த மும்தாஜ். எழுதிவிட்டேன். மற்றவர்கள் தலையைக் குனிந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். செல்வி உள்ளே வந்ததும் சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தண்ணீர் கொண்டுபோனது அதற்காகத்தான்.

எனக்கு மட்டும் ஆறாம் வகுப்பு நினைக்க நினைக்க இனித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. நாளையோடு பயிற்சி முடிகிறது. அப்புறம் அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் பயம்.

மே 16, வெள்ளி

காற்று எடுத்துவிட்டது. சார்ட் எல்லாம் பறக்கிறது. சான்றிதழ் வாங்கினோம், குரூப் போட்டோ, கண்ணை மூடிவிட்டேன்.

டீ நேரத்தில் சைக்கிள் ஷெட்டுக்கு மும்தாஜைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“தண்ணி கொண்டாந்தியே?”

அவள் ரோட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைப் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணத்துக்குக் கூட நான் செல்வியக் கூப்பிடல. மண்டப வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னு உம்மா சொல்லிச்சு.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “என்கிட்ட சொல்லி என்ன செய்ய? வா.”

ரோட்டைக் கடந்தோம். செல்வி யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மும்தாஜைக் கண்டதும் கை நின்றுவிட்டது. அட்டைக்காரர் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“தெரியும்ட்டி,” என்றாள் செல்வி. “ரிஜிஸ்டரோட வரும்போதே ஜன்னல் வழியா பாத்துட்டேன்.”

மும்தாஜுக்குக் குரல் உடைந்துவிட்டது. “பெறவு ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?”

செல்வி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“இவளே சொல்லுவான்னு இருந்தேன். நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு. அதுக்குள்ள பெரிய லீவு விட்டுட்டாங்க.”