பழனிக்குப் பஸ்சிலேயே போகலாம்

பூப்பாறை எஸ்டேட்
2.3.1981

அன்பு பொன்னுமணிக்கு,

மாமா சோலைமலை எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் வீரையா அண்ணன் வீட்டாரும் சுகம். நீயும் பிள்ளைகள் தங்கமும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? பிரசவத்துக்கென்று தேவாரம் போனவள், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியும் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பக் காணோம். இங்கே என் சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூட ஆளில்லை.

ஒரு நல்ல சேதி. சின்னவனுக்குப் பழனியில் மொட்டை போட நாள் குறித்தாகிவிட்டது. பங்குனி பதிமூன்று, வியாழக்கிழமை. முதலாளி ராஜாராம் ஐயா மூன்று நாளைக்கு எஸ்டேட் ஜீப்பையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆத்தா, அண்ணன், மதினி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், நான். விடிந்ததும் மலையிறங்கி, தேவாரம் வந்து உங்களை ஏற்றிக்கொள்வேன். நெருக்கியடித்தால் பதினொரு பேரும் உட்காரலாம். ஓட்டப்போவது நான்தானே, வேறு டிரைவர் எதற்கு?

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் மாமா,
சோலைமலை


தேவாரம்
6.3.1981

மாமாவுக்கு,

பொன்னுமணி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். சின்னவன் இப்போது ஆள் முகம் பார்த்துச் சிரிக்கிறான். தங்கம் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள்.

பழனிக்குப் பஸ்சிலேயே போகலாம் மாமா. சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஜீப்பில் காற்று முகத்தில் அடிக்கும். போடியில் ஏறி வத்தலக்குண்டில் மாறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அத்தையிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள், திட்டினால் என்னைத் திட்டட்டும்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

பொன்னுமணி


பூப்பாறை
10.3.1981

பொன்னுமணிக்கு,

உன் கடிதத்தை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வாசல்ல ஜீப்பு நிக்கையில எதுக்குடா பஸ்சுக்கு அலையணும்? ஒம் பொண்டாட்டிக்கு எங்களோட ஒக்கார மனசில்லையா?” என்று கேட்கிறாள்.

ஒன்பது வருஷமாக இந்தப் போடிமெட்டு வளைவுகளில் ஓட்டுகிறேன். ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை. சளிக்காகப் பஸ்சு என்கிறாய், நம்புகிற மாதிரி இல்லை. மனதில் இருப்பதை எழுது. யாருக்கும் காட்டமாட்டேன்.

சோலைமலை


தேவாரம்
13.3.1981

மாமாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் என்னைக் கொண்டுவந்து விட மலையிறங்கினோமே, அன்றைக்குக் கண் அசந்துவிட்டதாக இன்றுவரை சொல்கிறீர்கள். நீங்கள் தூங்கவில்லை மாமா. கண் திறந்தே இருந்தது. தங்கம் உங்களிடம் குரங்குக்குட்டியைப் பற்றி என்னவோ கேட்டாள். பதில் பாதியில் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் உங்கள் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது. கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் இழுத்தும் அசையவில்லை. வண்டி மலைப்பக்கமாக இழுத்ததால் வாய்க்காலில் இறங்கி நின்றது. பள்ளத்துப் பக்கம் இழுத்திருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இல்லை.

உங்கள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தங்கம் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தெளிந்ததும் நீங்கள் கேட்டது, “ஏன் வண்டி நிக்குது?” நான் பார்த்ததைச் சொன்னேன். அசதி என்றீர்கள். பிறகு என் கையை எடுத்து என் வயிற்றின் மேலேயே வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினீர்கள்.

ஐந்து மாதமாக என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் இங்கேயே தங்கியிருப்பது அம்மா வீட்டு ஆசையால் அல்ல. திரும்பி வர வேண்டுமென்றால் அந்த ஜீப்பில்தான் வரவேண்டும். காலையில் நீங்கள் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் நேரத்தில் எனக்கு இங்கே கை கால் ஓடுவதில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

பொன்னுமணி


பூப்பாறை
17.3.1981

பொன்னுவுக்கு,

அடுப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை குளித்துக்கொண்டிருக்கும்போது. இன்னொரு தடவை, ஜீப்பை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்து போகும்போது. யாரும் பார்க்கவில்லை. லோடு இறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். வலிப்பு என்றார். மாத்திரை எழுதினார். என்ன தொழில் என்று கேட்டார். விவசாயம் என்று பொய் சொன்னேன். “அப்பச் சரி. வண்டி ஓட்டுற ஆளா இருந்தா இன்னையோட விட்ரணும்னு சொல்லியிருப்பேன்” என்றார். வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

எனக்கு வேறு என்ன சோலி தெரியும் பொன்னு? இந்த மலையில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, டிரைவரண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். வலிப்புக்காரன் என்று தெரிந்தால் வண்டி மட்டுமா போகும்? நாளைக்கு நம் தங்கத்தை யார் கட்டுவார்கள்? மாத்திரை தவறாமல் தின்கிறேன். பழனிக்கு மெதுவாக ஓட்டுகிறேன். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். வேலையை விடு என்று மட்டும் எழுதாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சோலைமலை


தேவாரம்
20.3.1981

என் மாமாவுக்கு,

காலைப் பிடிக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்படி இனி எழுதாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்? அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களே ஐயாவிடம் சொல்லிவிடுங்கள் மாமா. கூட வந்து நான் நிற்கிறேன். ஏலக்காய் ஸ்டோரில் ஏதாவது வேலை கேட்போம், நானும் காய் பொறுக்கப் போகிறேன். வலிப்புக்காரன் பெண்டாட்டி என்று ஊர் சொல்லட்டும். தங்கத்துக்கு மாப்பிள்ளை பார்க்க இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அதுவரை அவள் உயிரோடு இருக்க வேண்டும், நீங்களும் இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். புதன்கிழமை வரை பார்ப்பேன். வராவிட்டால் என்னால் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது.

பொன்னுமணி


பூப்பாறை
23.3.1981

பொன்னுமணிக்கு,

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேவாரம் வந்துவிடுவேன். பிள்ளைகளைக் கிளப்பி வை. ஐயாவிடம் நீ வாய் திறந்தால், எனக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இல்லை.

சோலைமலை


தேவாரம்
25.3.1981

மாமாவுக்கு,

இது உங்கள் கைக்கு வரும் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் நான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு போடியில் இருக்கிற ஐயா வீட்டுக்குப் பஸ்சேறினேன். ராஜாராம் ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றேன். என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். “ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு இருக்கு. அவர வேலைய விட்டு நிறுத்திராதீக. ஜீப்ப மட்டும் குடுக்காதீக.”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். எத்தனை நாளாக என்றார். ஐப்பசியிலிருந்து என்றேன். தன் பேரப்பிள்ளைகளும் அந்த ஜீப்பில்தான் தோட்டத்துக்கு வந்து போனார்கள் என்றார். அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை வாங்கிவரக் கணக்குப்பிள்ளையை உடனே மேலே அனுப்பினார். உங்களுக்கு ஸ்டோர் வேலை கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

திரும்பும்போது பஸ்சில் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், வீட்டில் யாரும் தவறிப்போனார்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பொன்னுமணி


போடி
4.4.1981

பொன்னுமணிக்கு,

கணக்குப்பிள்ளை ஆட்கள் முன்னால் வைத்துச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். மதினி தன் பிள்ளைகளை என் பக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டாள். ஆத்தா மூன்று நாள் உன்னைத் திட்டினாள், பிறகு பேச்சையே விட்டுவிட்டாள். ஐயா இங்கே போடி ஸ்டோரில் மூட்டை தைக்கும் வேலை கொடுத்திருக்கிறார். சாப்பாடும் படுக்கையும் இங்கேயே.

நேற்று எஸ்டேட் ஜீப்பு வந்தது. புது டிரைவர். காய் பிரிக்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சோணை மகள் நிறைமாதமாக இருக்கிறாள், இரண்டு பேர் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஐந்து மாதம் இவர்களை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். தைக்கிற ஊசியை மூட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

நீ செய்தது சரி. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைத் தேடி இங்கே வராதே. மொட்டையை நீங்களே போட்டுவிடுங்கள்.

சோலைமலை


தேவாரம்
9.4.1981

மாமாவுக்கு,

ஸ்டோருக்கு வரமாட்டேன். நான்கு பேர் பார்க்க உங்களை மறுபடியும் தலைகுனிய வைக்கமாட்டேன்.

கோபம் தீர்ந்த பிறகு வாருங்கள் என்று கேட்கவில்லை. கோபத்தோடேயே வாருங்கள். வருகிற வியாழக்கிழமை பழனிக்குப் போகிறோம். நான், அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். அத்தைக்கும் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. தேவாரத்தில் காலை ஆறரை மணிப் பஸ்சில் ஏறுவோம். ஏழேகாலுக்குப் போடி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும்.

மாத்திரையை மறந்துவிடாதீர்கள். வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று இங்கே நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கத்துக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் இப்போது பயப்படவில்லை. அப்பா எந்தப் பக்கம் உட்காருவார் என்று மட்டும் கேட்டாள்.

என்னோடு பேச வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் போதும். என் பக்கத்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். தேனி தாண்டும்வரை யாரையும் உட்கார விடமாட்டேன். அதற்குப் பிறகு, நின்றுகொண்டு வருகிறவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.

பொன்னுமணி