சுபேதாரே என்னை சார் என்கிறார்

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் நலம். அம்மாவின் முட்டிவலியும் நைனாவின் கோபமும் குறைந்தனவா?

எல்லையில் சண்டை என்பதால் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான். எலும்பு முறியவில்லை, புத்தூர் கட்டுக்கு வேலை இல்லை.

இப்போது எங்கள் மேலதிகாரி சுபேதார் உட்பட எல்லோரும் என்னை 'சார்' என்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பக்கத்தில் குண்டு விழுந்து, நாங்கள் நான்கு பேர் இருந்த பங்கர் முழுக்கப் புழுதி. எத்தனை பேர் இருக்கிறோம் என்று சுபேதார் வெளியிலிருந்து இந்தியில் எண்ணச் சொன்னார். "ஏக்", "தோ", "தீன்" என்று மூன்று குரல் வந்தது. என் முறை வந்தபோது பயத்தில் இந்தியே மறந்துபோய், "சார்" என்று கத்தினேன். இந்தியில் நாலுக்கும் ஏறக்குறைய அதே சத்தம்தான்.

வெளியே வந்ததும், "நம்பர் சொன்னியா, என்னைக் கூப்பிட்டியா?" என்றார்.

"ரெண்டும் சார்."

அவர் சிரித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

எள்ளுருண்டை அனுப்புங்கள். உறைமேல் தமிழ்ச்செல்வன் என்று முழுசாக எழுதுங்கள். அந்தப் பெயரைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. உள்ளே அம்மா மட்டும், "செல்வா, துன்னியாடா?" என்று ஒரு வரி எழுதட்டும்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகன்,
சார்