டெலிவரி தேதி

காலையில் ஆர்டர் பேடைத் திறந்தேன். கார்பன் தாளின் வாசனை இன்னும் போகவில்லை. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒன்று. விரல் நுனியில் நீலம்.

உன் பேடு. அகலம், உயரம், டெலிவரி தேதி என்று மூன்று கட்டங்கள். மேல் தாள் வாடிக்கையாளருக்கு, கீழ்த் தாள் நமக்கு. இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்த காலத்தில் நீ அச்சடித்த கட்டுகள் மீதமிருந்தன. சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் மனுவுக்கு அதையே வைத்துக்கொண்டாய். புதிய லெட்டர்பேடு கோபுர முத்திரையோடு வந்திருந்தது. "இதுல தேதி போட எடமே இல்லியேடா" என்று ஒதுக்கி வைத்தாய்.

டெலிவரிக் கட்டத்தில் இன்றைய தேதி போட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. செல்வி அக்காவுடையது. கையெழுத்து என்னுடையது.

போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் கிளம்பவில்லை. அதனால் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டாய். உன் அத்தா இறந்த மாதம். முடிச்சூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வெல்டிங் மிஷின், இரண்டு ஆட்கள். நான் தத்துவம் படித்து முடித்து, கௌரவ விரிவுரையாளன் என்ற கௌரவமில்லாத வேலையில் இருந்தேன். வகுப்பு முடிந்ததும் கொட்டகைக்கு வருவேன்.

"வந்துட்டார்ப்பா ஃபிலாசபி. டீ சொல்லு."

ஒருநாள் பெருங்களத்தூரில் ஒரு வாசலை அளக்கக் கூட்டிப்போனாய். டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். மேலே ஓர் அளவு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் வேறு. எதை எழுதுவது என்று கேட்டேன்.

"மூணுல சின்னத எழுது. செவுரு நேரா கீதுன்னு நம்பி செஞ்சா, கேட்டு வெளியவே நிக்கும்."

உன்னிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தேதிக்குள் வேலை முடியவில்லையென்றால், அந்தத் தேதியன்று காலையில் நீயே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவாய். முடியவில்லை, இன்ன காரணம் என்று சொல்லிவிட்டு வருவாய். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால். "தேதி தப்புனா நாம போவணும் மச்சான். அவங்க நம்ம வாசல்ல வந்து நின்னா அது அசிங்கம்."

இந்த இரண்டும்தான் உன் தொழில். அரசியலுக்கும் இவ்வளவு போதும் என்று நினைத்தாய்.

*

ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த வருடம். செல்வி அக்காவின் தெருவில் கழுத்தளவுத் தண்ணீர், இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலம் குறுகல். தெருத் தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். போகவில்லை.

அந்தத் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல் கிரில் நீ போட்டது. நீ இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடோடு நீந்திப் போனாய். மின்சாரம் கிடையாது, கையால்தான் அறுக்க வேண்டும். எந்தக் கம்பியில் பற்றவைப்பு பலவீனம் என்று உனக்குத் தெரியும். ஏழு வீடுகளில் ஆட்களை வெளியே எடுத்தாய்.

எட்டாவது ஜன்னல் செல்வி அக்காவுடையது. அவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளே அவருடைய அம்மா, படுத்த படுக்கை. திருட்டுப் பயத்தில் கம்பிகளை நெருக்கமாகப் போடச் சொல்லியிருந்தார்கள். நீ மூன்று கம்பிகளை அறுத்தாய். நான்காவதில் பிளேடு உடைந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு செல்வி அக்கா உன்னிடம் சொன்னது: "நான்தான் பாய் நெருக்கமா போடச் சொன்னேன்."

அடுத்த நாளிலிருந்து, நீ முன்பு கிரில் போட்ட வீடு வீடாகப் போனாய். ஒவ்வொரு கிரில்லிலும் ஒரு பகுதியை வெட்டி, கீல் வைத்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் திறக்கும்படி செய்தாய். மூன்று மாதம் வேறு வேலை எடுக்கவில்லை. செல்வி அக்கா மட்டும் வேண்டாம் என்றார். அந்த ஜன்னல் அறுத்த கம்பிகளோடு அப்படியே இருக்கிறது.

உன் அரசியல் அங்கே தொடங்கியது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். மனிதாபிமானம் என்றார்கள். எனக்குத் தெரிந்து நீ அந்த நான்காவது கம்பியை அறுத்துக்கொண்டே இருந்தாய்.

*

முதலில் வார்டு கவுன்சிலர், சுயேச்சையாக. பிறகு கட்சி வந்தது. தொகுதிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் இல்லாமல் மூன்றாவதாக ஒருவர் வேண்டியிருந்தது. யாருக்கும் எதிரியாக இல்லாதவர் என்று தேடியபோது எல்லாரும் 'கேட்டு பாய்' என்றழைத்த நீ கிடைத்தாய்.

பல்லாவரம் சந்தையில் நோட்டீஸ் கொடுத்தோம். பழைய இரும்பு விற்பவர் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாய், ஜெயிச்சா எங்களுக்கெல்லாம் கேட்டு போட்டு உட்டுருவியா?"

"தொறந்து உடத்தாம்ப்பா வந்துகிறேன்."

"அப்டிதான் எல்லாரும் சொல்றானுங்கோ. சரி, ஓட்டு உனக்குத்தான். போ, வெயில்ல நிக்காத."

ஜெயித்தாய். நான் வேலையை விட்டுவிட்டு உனக்கு உதவியாளன் ஆனேன். உன் பேச்சுகளை எழுதுவேன். நீ பாதியை அடித்துவிடுவாய்.

முதல் வாரமே செல்வி அக்கா வந்தார். ஒரே கோரிக்கை. சிறுபாலத்தை அகலப்படுத்த வேண்டும். நீ போய் அளந்தாய், மூன்று இடத்தில். சின்ன அளவை எழுதினாய். நாலடி அகலம், மூன்றடி உயரம். டெலிவரி தேதி என்ற கட்டத்தில், அந்த வருட மழைக்கு முன்னால் ஒரு நாள்.

"எம்.எல்.ஏ. தேதி போடக் கூடாதுடா" என்றேன். "பரிசீலிக்கிறேன்னு எழுது."

"பரிசீலிச்சா தண்ணி போய்டுமா?"

எல்லா மனுவுக்கும் தேதி போட்டாய். தெருவிளக்கு, பட்டா, ரேஷன் கார்டு. சில நடந்தன. நடக்காத சீட்டுகளுக்கு அந்தந்தத் தேதியில் நீயே போனாய். காலை ஏழு மணிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வாசலில் வந்து நின்று, முடியவில்லை என்று சொல்வதை மக்கள் முதலில் நம்பவில்லை. பிறகு பழகிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். கட்சிக்காரர்கள் உன்னை விட்டு நகரத் தொடங்கியது அப்போதுதான்.

செல்வி அக்கா வீட்டுக்கும் போனாய். மழை அன்றே பிடித்துக்கொண்டது. உன்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வெளியே வந்து நெடுநேரம் நீ வண்டியில் ஏறவில்லை.

*

அவையில் உனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை நீ பிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்தாய்.

"பேரவைத் தலைவர் அவர்களே, அந்தப் பாலத்துல என் ரெண்டு கையயும் முழுசா விரிக்க முடியாது. ஒரு ஊரோட தண்ணி அதுல எப்டிப் போவும்?"

பக்கத்து உறுப்பினர் உன் கைக்குத் தப்பிக் குனிந்தார். சிரிப்பு. உறுப்பினர் இரும்புக் கேட்டு செய்கிறவர், அளவு சரியாகத்தான் இருக்கும் என்றார் அமைச்சர். மறுபடி சிரிப்பு. பிறகு தாளைப் பார்த்துப் படித்தார்: ஆய்வு செய்து, நிதி நிலைமைக்கேற்ப ஆவன செய்யப்படும்.

வெளியே வந்ததும் கேட்டாய்.

"மச்சான், ஆவன செய்யப்படும்னாரே, அது எந்தத் தேதி?"

"தேதியெல்லாம் கெடையாதுடா."

"தேதி இல்லாம எப்டிடா ஆரமிப்பாங்க? கம்பிகூட வாங்க முடியாதே."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அலுவலகம் அலுவலகமாக அலைந்தாய். மேலே போகும் சாலை ஒரு துறை. அடியில் ஓடும் தண்ணீர் வேறொரு துறை. இடையில் அடைத்திருக்கும் மண் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. கோப்பு நகரவில்லை என்று தெரிந்ததும் செல்வி அக்காவுக்கு இரண்டாவது சீட்டு எழுத மறுத்துவிட்டாய். "அளவு கீது, தேதி இல்ல. பொய்யா ஒண்ணு எழுத மாட்டேன்."

இந்த வருடம் ஆனி மாதம். நீ கோட்டையில் இருந்தாய். அலுவலகத்தில் முப்பது பேர். செல்வி அக்கா என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, இந்த வருசமாச்சும் ஆவுமா?"

பின்னால் வரிசை. விசிறி ஓடவில்லை. பேடை எடுத்தேன். பழைய அளவுகளை அப்படியே எழுதினேன். தேதிக் கட்டத்தில் ஐப்பசியில் ஒரு நாளைப் போட்டேன். அழகாக எழுதினேன். மேல் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் போனார். அடுத்தவர் வந்தார்.

மறுநாள் நீ கீழ்த் தாளைப் பார்த்தாய்.

"நீ அளந்தியா?"

கத்துவாய் என்று நினைத்தேன். பேடை மூடி வைத்தாய். "பேடுல ஏறிட்டா அது நம்ம தேதிதான்" என்றாய்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று முறை துறை அலுவலகத்துக்குப் போனோம். நீ ஓடியது என் தேதிக்காக.

*

ஆடி முடியும் முன்னால். வெள்ளிக்கிழமை. நகரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம், ஜி.எஸ்.டி. ரோடு அசையவில்லை. நீ சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாய்.

"இன்னும் எத்தினி நாள் கீதுடா?"

"அறுபதுக்கு மேல."

"பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கும் வழியில்லை.

அடக்கம் செய்யும் இடத்தில் கட்சிக் கொடிகள். கூட்டத்தில் ஒருவர் என் முழங்கையைத் தொட்டார். பையிலிருந்து நீ தேதி போட்டுக் கொடுத்த சீட்டை எடுத்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இத இனிமே யார்ட்ட குடுக்கறது?"

அவையில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினார்கள். பேச உனக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. மௌனத்துக்கு இரண்டு.

இப்போது இடைத்தேர்தல் என்கிறார்கள். உன் கொட்டகைச் சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒருவர் கைகூப்பிச் சிரிக்கிறார். கொட்டகை ஓடுகிறது. உன் ஆட்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நான் கணக்கில்லாமல் புத்தகம் படித்தவன். இப்படி ஒரு காலைக்கு அதில் எதுவும் உதவவில்லை.

போய்விட்டு வருகிறேன்.

*

போய்விட்டு வந்தேன்.

முதலில் சிறுபாலத்தில் இறங்கினேன். உன் டேப். மறுமுனையை ஒரு கல்லால் அழுத்தி வைத்தேன். அகலம் மூன்று இடத்தில் எடுத்தேன். நாலடி ஓர் அங்குலம், நாலடி, மூன்றே முக்கால் அடி. உயரம் இரண்டடிதான். உன் அளவுக்கு ஓரடி குறைவு. மண் ஏறியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த அளவுகூடப் பொய்.

செல்வி அக்கா இப்போது அந்த ஜன்னலில் மாவு விற்கிறார். உனக்குத் தெரிந்ததுதான். நீ அறுத்த மூன்று கம்பிகளின் இடைவெளி வழியாக இட்லி மாவுப் பொட்டலத்தை நீட்டுகிறார். பொட்டலம் போகிற அளவு.

"வா தம்பி. மாவா?"

"இல்லக்கா. இன்னிக்குத் தேதி."

கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேல ஆவலக்கா. ஆவாதுன்னுதான் நெனைக்கிறேன். அந்தத் தேதிய பாய் போடல. நான் போட்டேன். அளக்காம."

"தெரியும்."

"எப்டி?"

"பாய் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். இது அச்சடிச்சாப்ல கீது. அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா வாங்கினீங்க?"

கிரைண்டரை நிறுத்தினார். "தேதின்னு ஒண்ணு கைல இருந்தா, இந்த வருசம் சாமான மேல ஏத்த வாணாம்னு நெனச்சிக்கலாம்ல. நாலு மாசம் நெனச்சினு இருந்தேன்." பிறகு, "சரி, ஏத்தணும். உள்ள வா, ஒரு கை புடி."

சுவரில் இரண்டு கோடுகள். தொடையளவில் ஒன்று, வருடா வருடம் நிற்கும் தண்ணீர். ஜன்னலுக்கு மேலே ஒன்று, அந்த வருடத்தது. சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது. கிரைண்டரை இருவரும் பிடித்தோம். அசையவில்லை. அடியில் கொடுக்க இரும்பு ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு வேண்டும்.

கிரைண்டரின் அடிப்பக்கத்தை அளந்தேன். தரையிலிருந்து கோடு வரை அளந்தேன். தரையும் நேராக இல்லை. மூன்று இடத்தில் எடுத்தேன். உயரத்துக்கு மட்டும் பெரியதை எழுதினேன். நீ இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாய்.

"மேல் கோட்டுக்குச் செய்ய முடியாதா தம்பி?" என்றார்.

"அவ்ளோ ஒசரத்துல உங்க கை எட்டாதுக்கா."

"ஆமா. எட்டாது. எப்ப குடுப்ப?"

"நாளன்னிக்கு. காலைல ஏழு மணி."

"எழுதிக் குடு."

எழுதினேன். மேல் தாளை அவர் வாங்கி மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தார். வெளியே வந்தபோது தூற ஆரம்பித்திருந்தது. நேராகக் கொட்டகைக்குப் போய் உன் ஆட்களிடம் அளவைச் சொன்னேன். ஒருவர் அப்போதே கம்பியை எடுத்தார்.

கீழ்த் தாள் என் முன்னால் இருக்கிறது. இந்தத் தேதி தவறாது. ஸ்டாண்டு கீழ்க் கோட்டைத் தாண்டி நான்கு அங்குலம் நிற்கும்.

மேல் கோட்டுக்கு என்னிடம் எதுவும் இல்லை.