உன் வயிற்றிலிருந்து எடுத்தது

பாக்கியம் அக்கா, என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவளே,

உன் கிட்னியைத் திருடிவிட்டார்கள் என்று தோட்டத்தில் இன்னும் பேசுகிறார்கள். போன வருட மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நீ சரிவில் வழுக்கி விழுந்தாய். கீழே நகரத்துப் போதனா வைத்தியசாலையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் நீ இல்லை. சாவு வீட்டில், உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் அந்த நீளத் தையலைப் பார்த்தார்கள். "அடிபட்டது வெலாவுல, வெட்டுனது வயித்துல. எதையோ எடுத்திருக்காங்க" என்றாள் ஒருத்தி. சவப்பெட்டி கிளம்பும் முன்பே அந்த 'எதையோ' கிட்னியாகிவிட்டது.

நான் அதை வெறும் வதந்தி என்று தள்ளவில்லை. முப்பது வருடம் செய்தி எழுதியவன், ஆஸ்பத்திரிகள் சொல்வதை அப்படியே நம்பிப் பழக்கமில்லை. உனக்குக் கத்தி வைத்த சர்ஜனைத் தேடிப் போனேன். சிங்களப் பெண்மணி, நடுத்தர வயது. உட்கார வைத்துப் பேசினார். விழுந்ததில் உன் மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் இரத்தமாக இருந்ததாம், அதை எடுக்காமல் முடியாதாம். "எடுத்ததை உங்கள் அக்காவின் கணவரிடம் காட்டினோமே" என்றார். அங்கே எதை வெட்டி எடுத்தாலும் ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து, சொந்தக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். எதையும் மறைத்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

பதிலில் ஓட்டையே இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. மச்சானிடம் கேட்டேன்.

"தட்டுல ஒன்னு கொண்டாந்தாங்க, ராசு. கைப்புடி அளவு. ஒரே ரத்தம். சிங்களத்துல வேகமா என்னமோ சொன்னாங்க. நான் சரி சரின்னு தலைய ஆட்டுனேன்."

"கிட்னின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வேற என்னவா இருக்கும்? அதத்தான விக்கிறாங்க."

திருடவில்லை என்று காட்டத்தான் அந்தத் தட்டு. மச்சானுக்கு அதுவே திருட்டுக்குக் கண்கண்ட சாட்சி. இரண்டில் எது உண்மையென்று எனக்கும் அன்று தெரியவில்லை. அப்படியே விட்டிருப்பேன், சுகந்திக்கு வயிற்றுவலி வராதிருந்தால்.

ஆமாம், உன் மகள்தான். போன மாதம். அடிவயிற்றில், வலது பக்கம். தோட்டத்து டொக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்பெண்டிக்ஸ். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அவள் லயத்து வீட்டுப் படுக்கையைவிட்டு எழவில்லை. "அம்மாவுக்கு ஆனது போதும் மாமா. செத்தா இந்த லயத்துலயே சாவுறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. உன்னைப் போலவே பிடிவாதம்.

வான் பிடிக்க மச்சானும் நானும் தலவாக்கலை டவுனுக்கு இறங்கினோம். டிரைவர் டீசல் அடித்துவிட்டு வருகிறேன் என்று போனான். வான்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் ஆட்டிறைச்சிக் கடை. அங்கே தொங்கியதைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை வந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. அவர் காதோடு இரண்டு உறுப்புகளின் பெயரைச் சொன்னேன்.

"வாங்கவா, பாக்கவா?" என்றார்.

"பாக்கத்தான் நானா."

"நல்ல யாவாரம். காலங்காத்தால நீங்கதான் மொத ஆளு" என்று முனகிக்கொண்டே இரண்டையும் எடுத்துப் பலகையில் வைத்தார். எது எதுவென்று நானும் சொல்லவில்லை, அவரையும் சொல்ல விடவில்லை.

"மச்சான், அன்னைக்குத் தட்டுல பாத்தது இதுல எது மாதிரி?"

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒன்று அவரைக்கொட்டை போல உருண்டு வளைந்திருந்தது. மற்றது தட்டை, கருஞ்சிவப்பு. தட்டையானதைத்தான் காட்டினார். "இது மாதிரி. இதவிடப் பெருசு. ஒரு ஓரம் கிழிஞ்சு தொங்குச்சு."

"நானா, இது என்ன?"

"மண்ணீரல்."

வான் மேலே ஏறும்வரை மச்சான் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். லயத்துக்குள் போனதும் சுகந்தியின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"அது கிட்னி இல்லம்மா. அப்பாதான் தெரியாம சொல்லிட்டேன்."

"மாமா சொல்லச் சொன்னாரா?"

"நானே பாத்தேன்."

அவள் வலியோடு திரும்பினாள். "அப்ப அம்மா எதனால செத்துச்சு?"

"ரத்தம் போயி. ரொம்பப் பிந்திக் கொண்டு போனதால" என்றேன் நான்.

"பிந்த வச்சது யாரு?"

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல் வானில் ஏறினாள்.

அன்றே ஆபரேஷன் ஆனது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள் அக்கா. கஞ்சி பிடிக்கவில்லை என்று அப்பாவோடு சண்டை போடுமளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நீ விழுந்தது காலையில். கம்பளியில் போட்டு லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத் தோட்டத்து லொறி வந்தது பொழுது சாய்ந்த பிறகு. அதுவரை எங்கே நின்றது? உரம் ஏற்றப் போயிருந்தது என்கிறான் லொறி டிரைவர். பழுதாகிக் கராஜில் கிடந்தது என்கிறார் ஆபீஸ் கிளாக்கர். உரம் ஏற்றப் போன லொறி எப்படிக் கராஜில் கிடக்கும்? நான் மறுபடி கேட்டபோது கிளாக்கர் சிரித்தார். "அதெல்லாம் பழைய கத சார். அந்தக் கிட்னி விசயத்த நல்லாப் பேப்பர்ல போடுங்க. சனங்க படிக்கும்."

அவர் அதைச் சொன்ன வேகம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒரு வருடமாகத் தோட்டமே ஆஸ்பத்திரியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றியது. லொறியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சு யாருக்கு வசதியாக இருந்தது? சாவு வீட்டில் அதைப் பெரிதாக்கியது யார்? உனக்குத் தெரிந்திருக்குமோ? கம்பளியில் கிடந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீதானே.

சுகந்தியின் தையல் ஆறியதும் மூவரும் ஆபீசுக்குப் போகிறோம். நான் எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான். கேட்கப் போவது மச்சான். "தட்டப் பாத்தவன் நான். லொறியப் பத்தியும் நானே கேக்குறேன்" என்று சொல்லிவிட்டார். டிரைவரும் கிளாக்கரும் ஒரே பதில் சொல்லும்வரை நாங்கள் திரும்பத் திரும்பப் போவோம், அக்கா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
ராசு