பேப்பரில் வந்த நிலம்

3-9-73, திங்கள். பொன்மலை

இன்று பதினாறு முறை ஓடி, பதினோரு முறை பாதியில் நின்றேன். இடது குதிகால்தான். மூன்று தாவலில் தாண்டும் ஹாப் ஸ்டெப் ஜம்ப் என்றால் இடது, இடது, வலது, பிறகு மணல். பதினைந்து வருடமாக அந்த ஒரு குதிகால்தான் முழுப் பாரத்தையும் வாங்குகிறது. அதற்கு வாய் இருந்தால் என்னைத் திட்டித் தீர்த்துவிடும்.

ஆசியப் போட்டிக்காக மணிலா போகும் அணிக்கு அக்டோபர் 12-ல் டெல்லியில் தேர்வு. வயது முப்பத்தொன்று. இதை விட்டால் இனி இல்லை. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

9-9-73, ஞாயிறு

ஊரிலிருந்து அம்மாவின் கடிதம். வழக்கம்போல, நீடாமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது பாய்தான் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கூலி வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டது. அம்மா வீட்டுக்கு மட்டும் பண்ணை ஆட்சேபணை கொடுத்திருக்கிறதாம். காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஒரு சந்தோஷச் செய்தி. சுவரில் ஒட்டியிருந்த என் படத்தை, 70-ல் அகில இந்தியப் போட்டியில் நான் ஜெயித்தபோது பேப்பரில் வந்ததை, பண்ணைக் கணக்குப்பிள்ளை தியாகேசன் வந்து கேட்டு வாங்கிப் போனாராம். ஐயா பார்க்கணும் என்றாராம். அம்மா தண்ணீர் தொட்டுத் தொட்டு, கிழியாமல் உரித்துக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஜெயித்தபோது ஒரு வார்த்தை கேட்காத வீடு. இப்போதாவது பார்க்கட்டும்.

15-9-73

15.20 மீட்டர். குதிகாலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

22-9-73, சனி

பாய் காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்க வந்தவர், நான் வேலை பார்க்கும் ரயில்வே பார்சல் ஆபீஸுக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. பண்ணையின் ஆட்சேபணை என்னவென்று தெரிந்துவிட்டதாம். என் அம்மா காத்தாயியின் குடும்பம் கூலிக் குடும்பமே இல்லை, சொந்த நிலம் உள்ளவர்கள், அதனால் மனை அவர்களுக்குச் சேராது. ஆதாரம் — மகனே பேப்பரில் சொல்லியிருக்கிறான்.

நீயா சொன்னாய் என்று கேட்டார். நான்தான்.

ஜெயித்த அன்று நிருபர் சுற்றி நின்ற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவனுடைய அப்பா கர்னல். ஒருவனுடைய அப்பா டாக்டர். என் முறை வந்தது. என் அப்பா செத்தே ஆறு வருடம் ஆகியிருந்தது. பண்ணையாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “சொந்த நிலத்தில் விவசாயம்” என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நாலு ஏக்கர் என்றேன். அதுவும் அச்சில் வந்தது.

அப்படியானால் அம்மாவுக்கு இது மூன்று வருடமாகத் தெரியுமா? தெரியாதாம். பாய்தான் அன்றைக்குப் படித்துக் காட்டியவர்.

“அந்த வரிய விட்டுட்டுத்தாம்பா படிச்சேன். காத்தாயி மொகத்தப் பாத்துக்கிட்டு அத எப்படிப் படிக்கிறது?”

விசாரணை அக்டோபர் 10.

23-9-73

9-ம் தேதி ரயில் ஏறினால்தான் 12-க்கு டெல்லியில் நிற்க முடியும். கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதாதா என்று பாயிடம் கேட்டிருந்தேன். போதாதாம். பேப்பரில் சொன்ன வாயே நேரில் வந்து சொல்ல வேண்டுமாம்.

ஒரு வாய்தா வாங்க முடியாதா? அம்மாவே போய் அழுதால் நம்ப மாட்டார்களா? இப்படியெல்லாம் யோசிக்கிறேனே, நான் என்ன பிறவி? ஆனால் யோசிக்கத்தான் செய்கிறேன். பதினைந்து வருஷம்டா.

30-9-73

15.44. இந்த வருடத்தில் இதுதான் அதிகம். குதிகால் வலிக்கவே இல்லை. இன்றைக்குப் பார்த்தா வலிக்காமல் இருக்கணும்?

9-10-73, செவ்வாய்

டெல்லி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நீடாமங்கலம் வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடவு நடக்கிறது. அம்மாவும் எங்காவது குனிந்து நிற்பாள்.

10-10-73, புதன்

தாலுகா ஆபீஸ். அம்மா வெளுத்த புடவையில் வந்திருந்தாள். எங்களுக்கும் பெஞ்சைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. தியாகேசன் அந்தப் பேப்பரை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்த வரி வந்தபோது நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

அதிகாரி என்னைக் கேட்டார். ஆயிரம் பேர் பார்க்க ஓடி வந்து தாண்டியிருக்கிறேன். அந்த மேஜை வரைக்கும் நடக்க முடியவில்லை.

“எங்க அப்பா பேரு காத்தான் சார். பண்ணையாளு. சாவுற வரைக்கும் கைப்பிடி மண்ணு சொந்தமாக் கெடையாது. பேப்பர்ல நான் சொன்னது பொய்.”

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். திட்டியிருக்கலாம். இறங்கும்போது, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். அழுகை வந்துவிட்டது.

13-10-73

டெல்லியில் முதலில் வந்தவன் 15.31.

எழுதி என்ன ஆகப்போகிறது.

19-11-73, திங்கள்

இனிமேல் போட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்சல் ஆபீஸில் முழுநேரம். காலையில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் படுத்திருக்கிறேன்.

2-12-73, ஞாயிறு. ஊர்

அம்மா பெயருக்குப் பட்டா வந்துவிட்டது. மூன்று சென்ட். அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நிமிர்ந்தால் சுவரில் அந்தப் பேப்பர். ஓரத்தில் ஃபைலில் கோத்த ஓட்டையோடு, சோற்றுப் பசை வைத்துப் பழைய இடத்திலேயே ஒட்டியிருக்கிறாள். விசாரணை முடிந்த மறுவாரமே தியாகேசனிடம் போய்க் கேட்டு வாங்கினாளாம். பாய் கடைக்குக் கொண்டுபோய், எந்த வரியும் விடாமல் படிக்கச் சொன்னாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிழிக்கப் போனேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

“இருக்கட்டும் விடுடா. ஒங்க அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருந்துச்சுன்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கே.”

கையை எடுத்துவிட்டேன்.