ரோஸ் கலர் அடித்த சாமி

அன்புள்ள குமரவேலுக்கு அம்மா ஜெயக்கொடி எழுதுவது. இங்கே நாங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க நம்ம ஊர் ஈஸ்வரன் காக்க வேண்டும். என் முழங்கால் பரவாயில்லை. இந்த விஷயத்தைப் போனில் சொல்ல உன் சம்சாரத்துக்கு வாய் வரவில்லை, அதனால் நான் எழுதி, நாளைக்கு அங்கே கிளம்பும் எதிர்வீட்டு சுந்தர்சிங் கையில் கொடுக்கிறேன்.

படப்பை ரோட்டு ஓட்டல்காரர்கள் தங்க வருகிறவர்களை வேனில் நம்ம கோயிலுக்குக் கூட்டி வந்ததும், அங்கே வேலை பார்க்கிற உன் மகள் சந்திரிகா கல்லில் இருக்கிற எழுத்தையும் சிலையையும் காட்டி அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னதும் உனக்குத் தெரியும். அஞ்சாவதோடு நின்ற எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் போய் நின்று கேட்பேன், என் பேத்தி என்று பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன். தை மாசத்திலிருந்து அந்த வேனை நீயே ஓட்டலாம் என்று ஓட்டல் மேனேஜர் சத்யநாராயணன் சொன்னதை நம்பித்தானே நீயும் திரும்பி வர நினைத்தாய். கோயில் பராமரிப்புக்கு என்று ஓட்டலில் பணமும் கொடுத்தார்கள், அதுதான் வினையாகிப் போனது. வெளிநாட்டு ஜனம் வர்ற நேரத்துல சாமி இன்னாத்துக்கு வெறுங்கல்லா நின்னுகினு கீது, நம்ம ஊரு மானம் போவுதுல்ல என்று தர்மகர்த்தா குப்புராஜ் ஆரம்பித்தார், ஊரே சரி என்றது. எழுத்து இருந்த சுவரில் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டி, வாசலில் காவல் நிற்கிற சாமிகளுக்கு ரோஸ் கலர் அடித்து மீசையும் வரைந்துவிட்டார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று சந்திரிகா அழுததற்கு, இங்கிலீசு டீச்சரம்மா கொஞ்சம் ஓரமா நில்லு என்று கேலி வேறு.

அடுத்து வந்த வெள்ளைக்காரத் தம்பதி சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய கோயில் எங்கே என்று கேட்டார்களாம். இதுதான் என்று சொல்லக் கூசி, சந்திரிகா அவர்களை வேனுக்கே திருப்பிக் கூட்டிப் போனாளாம். அதோடு வேன் வருவது நின்றது. ஏன் என்று நான் ஓட்டலுக்கே நேரில் போய்க் கேட்டதற்கு, பளபளப்பு எங்க ஓட்டல்லயே இருக்கேம்மா, அதப் பாக்க எதுக்கு வேன் என்று மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார். இப்போது எல்லோரையும் மகாபலிபுரத்துக்கே அனுப்புகிறார்கள், அதற்கு அவர்களிடம் வேறு வண்டியும் ஆளும் இருக்கிறது. சந்திரிகாவை ஓட்டல் வாசலில் ரூம் சாவி கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். பெயிண்டைச் சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு ஸ்தபதியைக் கூட்டி வந்து காட்டினோம், சுரண்டினால் சாமி முகமும் சேர்ந்து வந்துவிடும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அதனால் அப்பா, வேலையை விடுகிறேன் என்று உன் முதலாளியிடம் வாயைத் திறக்காதே. திறந்துவிட்டிருந்தால் காலில் விழுந்தாவது கேட்டு அங்கேயே இரு. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். நீ ஓட்டப்போகிற வேனை நிறுத்த நம்ம வீட்டு வாசல் முருங்கையை வெட்டினோம், இப்போது அந்த இடத்தில் வெயில்தான் நிற்கிறது. இடம் அப்படியே இருக்கட்டும், வேறு மரம் வைக்க வேண்டாம் என்கிறாள் உன் சம்சாரம். நானும் சரி என்றேன்.

உன் அம்மா,
ஜெயக்கொடி