அக்காவின் நீலம்

மார்ச் 3, செவ்வாய்

புரொஜெக்டர் இன்று மூன்று முறை சூடேறி அணைந்தது. நானும்தான். கண்காட்சிக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். நெற்றியில் சென்சார் பட்டையை மாட்டிக்கொண்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால், அவருடைய மூளை அலையை வைத்துச் சுவர் நிறம் மாற வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒரு பதிவு; அதுதான் அவருடைய சாதாரண நிலை. அதன் அருகிலேயே இருந்தால் நீலம். விலக விலகச் சிவப்பு. மனநலம் பற்றிய கண்காட்சி என்பதால் பொறுப்பாளர் அம்மாவுக்கு நீலம் தாராளமாக வேண்டுமாம்.

சோதனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அக்கா இருக்கிறாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். மாத்திரை, தூக்கம், ஜன்னல். மாலையில் ஒரு மணி நேரம் என் பட்டறைக்கு வந்து உட்காருகிறாள். அவளுக்கு மட்டும் முதல் பதிவைத் தினமும் எடுப்பதில்லை. ஜனவரியில் எடுத்ததே போதும். நாளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

மார்ச் 9, திங்கள்

அக்காவின் சுவர் முழு நீலம். ஒரு சிறு கலங்கல்கூட இல்லை. "என்னடா, பாஸா?" என்றாள். சின்ன வயதில் என் கணக்கு நோட்டைத் திருத்தித் திருத்தியே டீச்சர் ஆனவள். முதன்முறையாக நான் அவளுக்கு மார்க் போட்டேன். நூற்றுக்கு நூறு.

மார்ச் 17, செவ்வாய்

வரும் வழியில் அக்கா பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்திருக்கிறாள், கைக்குழந்தையோடு. வாய் ஓயாமல் அதையே பேசினாள், சிரித்தாள், இரண்டாவது டீ கேட்டாள். பட்டையை மாட்டியதும் சுவர் ரத்தச் சிவப்பு. எனக்குப் பகீரென்றது. பேச்சை நிறுத்தச் சொன்னேன். விளக்கைக் குறைத்தேன். "மெதுவா மூச்சு விடுக்கா, பழையபடி வந்துடும்."

சுவரைப் பார்த்தபடியே அடங்கிப்போனாள். நாற்பது நிமிடத்தில் நீலம் திரும்பியது. ஏதோ விபத்தைத் தடுத்துவிட்டது போலப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது?

மார்ச் 18, புதன்

நீலம்.

மார்ச் 26, வியாழன்

பொறுப்பாளர் அம்மா அக்காவின் நீலத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றார். "இதையே பதிவு பண்ணி நுழைவாசல் சுவர்ல ஓட விடுங்க. பார்க்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்றார். அக்காவிடம் சொன்னேன். "உனக்குப் பிடிச்சிருக்குல்ல, அது போதும்" என்றாள்.

வீடு திரும்பும்போது அவளாகவே பேசினாள். "நீலம் வர வைக்கிறது எப்படின்னு கண்டுபிடிச்சிட்டேன்டா."

"எப்படி?"

"எதுவும் வேணும்னு நினைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஏதோ தியானம் பழகுகிறாள் போலிருக்கிறது. நல்லதுதானே? நல்லதுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா தன் அலமாரியை ஒழித்துவிட்டாள். கைக்கடிகாரத்தை மாடி வீட்டு அம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். நூலகப் புத்தகமெல்லாம் திரும்பிப் போயாயிற்று. தொட்டிச் செடிகளுக்கு எந்தெந்தக் கிழமை தண்ணீர் என்று டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு, ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறது.

"நீதானே ஊத்துவே?" என்றேன்.

"உனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல."

சீட்டை இன்னொரு முறை படித்தேன். மாலையில் பட்டையை மாட்டிப் பார்த்தேன். இதுவரை வராத ஆழமான நீலம். மனது சமாதானமாகிவிட்டது.

ஏப்ரல் 4, சனி

மருத்துவமனையில் மூளை அலை எடுக்கும் டெக்னீஷியன் பதிவுகளைச் சரிபார்க்கப் பட்டறைக்கு வந்தார். அக்காவின் பதிவில் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்க முதல் பதிவு எப்ப எடுத்தது?"

"ஜனவரி பன்னிரண்டு."

"அன்னைக்கு எப்படி இருந்தாங்க?"

ஞாபகமில்லை என்றேன்.

"அது தெரியாம இதை அமைதின்னு எப்படிச் சொல்றீங்க? இவங்க தினமும் அந்த நாள் மாதிரியே இருக்காங்க. போகப் போக இன்னும் கிட்ட வர்றாங்க. இந்தச் சுவர் சொல்றது அவ்வளவுதான்."

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஜனவரி 12. "அக்கா முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தாள். வெறுங்கால். செருப்பு பாலத்தில் அறுந்துவிட்டதாம். காபி கொடுத்தேன், தொடவில்லை. பதிவு சுத்தமாக வந்தது."

வீட்டிலிருந்து பட்டறைக்கு வரும் வழியில் பாலமே கிடையாது.

அப்படியானால் அந்தச் சிவப்பு — அவள் சிரித்தாளே, அன்றைக்கு — ஐயோ, என்ன காரியம் பண்ணினேன் நான். மீண்டு வந்துகொண்டிருந்தவளை விளக்கைக் குறைத்துத் திருப்பி அனுப்பினேன். மார்க் வேறு போட்டேன். வீட்டில் அடுத்த அறையில் இருக்கிறவளை முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் இல்லையா?

நான்கு முறை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. மாடி வீட்டு அம்மாள் கதவைத் தட்டிப் பார்த்தாராம். வீடு பூட்டியிருக்கிறதாம். கார் வர ஐந்து நிமிடம் என்கிறது போன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். பாலத்துக்குத்தான் போகச் சொல்லப் போகிறேன். வந்துவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாலத்தின் ஓரத்தில் செருப்பு ஜோடியாக இருந்தது. அறுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நீலப் பதிவை அழித்தேன். "நுழைவாசல் சுவர் காலியா இருக்கே" என்று பொறுப்பாளர் அம்மா போனில் கத்தினார். இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 11, சனி

நேற்று கண்காட்சி திறந்தார்களாம். போகவில்லை. வார்டில் கட்டிலுக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு வாரமாக என் இடம் இதுதான்.

பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கு அக்காவின் கையை விடவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

காலையில் நர்ஸ் வந்து, "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பாளே, அதே பார்வை. எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிற பார்வை.

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நடைவழியில் நின்றேன். அப்புறம் அவள் குரல் கேட்டது.

"நல்லா இல்லைங்க."

அழ ஆரம்பித்தாள். நான் உள்ளே போகவில்லை.